புது முதலாளிகளின் லென்ஸ்

மூன்றாவது தடவையாக என் ஆர்லெக்ஸ் கேமராவைக் கொண்டுபோய், பிரவுன்ஷ்வைக் நகரத்து சர்வீஸ் கடையில் மேஜைமேல் வைத்தேன். கடையில் வேலை பார்க்கும் ஸ்வாந்தியா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அதே புகார்தானா, சார்?”

“அதேதான்மா. எதை எடுத்தாலும் பனி மூடின மாதிரி விழுது. டோர்ன்பெக் கம்பெனிக்காரங்க ஆர்லெக்ஸை வாங்கின அன்னைக்கே சொன்னேன். ஆஸ்பத்திரிச் சாமான் விக்கிறவங்களுக்கு லென்ஸைப் பத்தி என்ன தெரியும்?”

அன்றைக்கே சொன்னது உண்மை. கேமரா சங்கத்தில் சொன்னேன். பத்திரிகைகளுக்குப் பதினேழு கடிதம் எழுதினேன். ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாவத்துக்கு ஒருவரிடம் அரை மணி நேரம் சொன்னேன். நாற்பது வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்தால் இன்னொரு அரை மணி நேரம் ஆகும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

ஸ்வாந்தியா என் கேமராவை எடுத்துக் கடை வாசலை ஒரு படம் எடுத்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

“நல்லாத்தானே இருக்கு?”

“இதுவா நல்லா இருக்கு? அதை விடும்மா. உங்க சுவத்துல மாட்டியிருக்கீங்களே, பூங்கா படம், அதுவே மங்கலாத்தான் இருக்கு. பிரிண்டையும் கெடுத்துட்டாங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“சார், அது படம் இல்ல. ஜன்னல்.”

கேமராவைத் திருப்பித் தந்தவள், கூடவே ஒரு கண் ஆஸ்பத்திரியின் விலாசத்தையும் எழுதித் தந்தாள்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வீம்புக்கு இன்னும் ஒரு வருஷம் கேமராவையே திட்டிக்கொண்டிருந்தால் குடையையும் மனைவியையும் பிரித்தறிவது கஷ்டமாகியிருக்கும். அடுத்த மாதமே வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது.

மறுநாள் காலை டாக்டர் ஸீபர்ட் கட்டை அவிழ்த்தார். வெளியே கஷ்கொட்டை மரம் இலை இலையாகத் தெரிந்தது. குனிந்தேன். கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கடுகுச் சாஸ் கறை.

“குட்ரூன், இதோடயா நான் சங்கத்துக்குப் போய்ப் பேசிட்டிருந்தேன்?”

“ரெண்டு வருஷமா,” என்றாள் என் மனைவி. “சொன்னா கேக்குற ஆளா நீங்க?”

டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கண்ணுக்குள்ள வச்சீங்களே டாக்டர், இதுதான் லென்ஸ். ஆர்லெக்ஸை வாங்கினவங்க இதைச் செஞ்சவங்க கால்ல விழுந்து தொழில் கத்துக்கணும். கம்பெனி பேரைச் சொல்லுங்க. என் பதினெட்டாவது கடிதம் அவங்களுக்குத்தான், பாராட்டி.”

டாக்டர் என் லென்ஸின் விவரம் அச்சடித்த சின்ன அட்டையை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“டோர்ன்பெக்னு போட்டிருக்கு, சார்.”