இலவச ஃபிரேம்வொர்க்

மொபைல் ஆப் கட்ட அடித்தளமாக இணையத்தில் கிடைக்கும் இரண்டு இலவச ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, வேகமானதை நம்பி கம்பெனியின் ஆப்பைக் கட்டியிருந்தாள் ஜெபராணி. அந்த ஃபிரேம்வொர்க்கை எங்கோ ஒரே ஒரு ஆள்தான் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். அதில் வந்த ஏதோ பிழையால் நேற்றிலிருந்து ஆப் திறக்கவே மறுத்தது.

"அந்த ஆளை இன்னிக்குள்ள சரிபண்ணச் சொல்லும்மா. இல்லேன்னா உன் ஆறு மாச வேலை குப்பைக்குத்தான்" என்றார் மேனேஜர் கந்தவேள்.

"நாமளா சார் சம்பளம் குடுக்கிறோம், அதட்டுறதுக்கு?"

முனகிக்கொண்டே அந்த ஆளுடைய இணையப் பக்கத்தைத் திறந்தாள். 'எப்போது சரியாகும்?' என்று ஊர் உலகமே அவரைத் திட்டித் தீர்த்திருந்தது. அவர் வாய் திறந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அவளும் அதையே எழுதினாள். பிறகு, எரியும் கண்களைக் கசக்கிக்கொண்டு, அதை அழித்துவிட்டு, 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்டாள்.

உடனே பதில் வந்தது.

"என்னம்மா சொல்றான்?" என்று எட்டிப் பார்த்தார் கந்தவேள்.

"இன்னும் சாப்பிடலையாம் சார்."