வராத சாலைக்கு ஒரு காவல்

ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, வராத ஆறுவழிச் சாலையை எபினேசர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். திட்டத்தை ரத்து செய்தாயிற்று. காவலை ரத்து செய்ய உத்தரவு வரவில்லை. எடுத்த நிலத்தைத் திருப்பித் தருவது அரசின் பரிசீலனையில் இருப்பதால், அதுவரை முள்கம்பிக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது. உள்ளே வெடித்துக் கிடக்கும் வயலின் சனிமூலையில் பளிங்கு அடிக்கல் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. வெளியே ஆதிநாராயணனும் மனைவி சுமலதாவும் நாற்றுக் கட்டுகளோடு நிற்கிறார்கள். ரத்து என்று டிவியில் சொன்னதும் நிலம் வந்துவிட்டதாக நம்பி, மச்சான் வயலில் விட்ட நாற்று. முற்றி, நுனி பழுத்துவிட்டது.

“இன்னிக்கு உட்டா மாட்டுக்குதான் போடணும், எபினேசரு. ரோடே இல்ல, நீ இன்னாத்த காத்துகினு கீற?”

“அத்த மட்டும் கேக்காத நைனா. மேல காதுல உயுந்தா என் வேலையும் ரத்தாயிடும்.”

சுமலதா ஒரு பிடி நாற்றைப் பிரித்து, கம்பிக்கு அடியில் கைவிட்டு, வருஷா வருஷம் முதல் நாற்று நடும் அதே மூலையில், அடிக்கல்லின் காலடியில் ஊன்றுகிறாள். அந்த அடிக்கல்லுக்குப் பிறகு இங்கே நடக்கிற முதல் பணி இதுதான். எபினேசர், யாராவது வருகிறார்களா என்று ஊர்ப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மொத்தமும் ஊற்றுகிறார். வெடிப்பு அதைக் குடித்துவிடுகிறது. நாற்று மெல்லச் சாய்கிறது.