சுண்டைக்காய் விஷயம்

"வந்துட்டியா? உள்ளே பெரிய விஷயம் நடந்துக்கினு இருக்குது. உன் துக்கடாவைத் தூக்கிக்கினு அப்படி ஓரமா நில்லு."

சங்கத்துக் குமாஸ்தா கைலாசம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

பெரியநாயகி கதவோரம் ஒதுங்கினாள். கால் கடுத்தது. இந்த வாசலில் அவள் வந்து நிற்பது இது ஆறாவது மாதம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். நெசவாளர் சங்கத்துக் கூரைத் தண்ணீரெல்லாம் கிழக்கே அடுத்திருக்கும் அவள் வீட்டுத் தறிக்குழியில் வந்து இறங்குகிறது. கூரை ஓரமாக ஒரு தகரப் பீலி அடித்துவிட்டால் தண்ணீர் அதில் ஓடித் தெருவோடு போய்விடும்.

சித்திரையில் கேட்டதற்குச் 'சில்லறை விஷயம்' என்றார்கள். வைகாசியில் அது 'சுண்டைக்காய்' ஆயிற்று. ஆனியில் 'பிசாத்து'. ஆடியில் 'உப்புப் பெறாத சமாசாரம்'. ஆவணியில் புதுப் பெயர் வைக்க யாருக்கும் பொறுமை இல்லை. தலைவர் பரசுராமன் ஒரு கொட்டாவி விட்டார். அதுதான் பதில்.

போன வருஷத்து அடைமழையில் குழிக்குள் முழங்கால் தண்ணீர். புருஷன் தர்மன் இருமிக்கொண்டு படுத்துவிட்டதால் அவள்தான் தறியில் உட்கார்ந்தாள். பக்கத்து மிதிபலகையில் ஒரு தவளை ஏறிக்கொண்டு, அவள் ஒரு மிதி அது ஒரு மிதியாக, அரைச் சேலையை இரண்டு பேருமாக நெய்து முடித்ததாகப் பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேச்சு. தவளை நெய்த பக்கம் சுத்தமாக இருந்ததாம். அவள் நெய்த பக்கம் சாயம் இறங்கிவிட்டது.

"இன்னொரு சேலை இப்படி வந்துதுன்னா உனக்குப் பாவு கிடையாது" என்று ஜவுளிக்காரர் சொல்லிவிட்டார். பாவு நூல் இல்லாத தறி வெறும் கட்டை. அந்த வீட்டில் அடுப்பும் அப்படித்தான் ஆகும்.

ஐப்பசி பிறக்க இன்னும் பத்தே நாள்.

உள்ளே மூன்று மணி நேரமாக ஆயுத பூஜை நோட்டீஸைப் பற்றிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

"எம்பேருக்கு முன்னாடி வெறும் 'திரு'வா? 'உயர்திரு' எங்கய்யா?" என்று மேஜையைத் தட்டினார் சங்க உறுப்பினர் வீரபாகு.

"உனக்கே உயர்திருன்னா, தலைவரு எனக்கு இன்னாத்தப் போடுவாங்க?" என்றார் பரசுராமன்.

"உங்களுக்குத்தான் கொட்டை எழுத்துல போடறாங்களே!"

"எவ்ளோ கொட்டை? புளியங்கொட்டையா, பலாக்கொட்டையா? அதை இப்பவே முடிவு பண்ணணும்."

பெரியநாயகி வாசற்படியில் ஒரு காலை வைத்தாள். "தலைவரே, மழை வந்துடும்..."

"பார்த்தியா கைலாசம்! தலை போற விஷயம் பேசிக்கினு இருக்கறப்ப இந்தம்மா பீலியைத் தூக்கிக்கினு வருது!"

கைலாசம் எழுந்து வந்தார். "நான் அப்பவே சொல்லல? இந்த வெத்து விஷயத்தையெல்லாம் தீர்மான நோட்டுல ஏத்துவாங்களா? இறங்கும்மா."

அவளுக்குத் தலைவர்மேல் கூட அத்தனை கசப்பில்லை. இந்தக் குமாஸ்தாவும் தறிக்காரன் வீட்டுப் பிள்ளைதான். குழியில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று இவனுக்குத் தெரியாதா?

கூட்டம் முடிந்தது. கைலாசம் மளமளவென்று எழுதி முடித்த தீர்மான நோட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. அவரவர் தம் பெயரை விரல் வைத்துத் தேடி, உயர்திருவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். வேறு எந்த வரியிலும் யார் விரலும் நிற்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போனாள்.

நாலாம் நாள் காலையில் டமடமவென்று தகரச் சத்தம். வெளியே வந்தாள். சங்கத்துக் கூரையில் ஆள் ஏறிப் பீலி அடித்துக்கொண்டிருந்தான். கீழே பரசுராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"எவன்யா அடிக்கச் சொன்னது?"

"நீங்கதான் தலைவரே." கைலாசம் நோட்டை விரித்து நீட்டினார். "படிச்சுப் பாருங்க."

தெரு கூடிவிட்டது. பரசுராமன் உரக்கப் படித்தார். "பூஜையை முன்னிட்டு வாழைமரம் கட்டவும், மாவிலைத் தோரணம் கட்டவும், கிழக்குக் கூரைக்குத் தகரப் பீலி..." குரல் இறங்கியது. "...பீலி அடிக்கவும், சுண்டல் விநியோகிக்கவும், உயர்திரு பரசுராமன் அவர்கள் முன்மொழிய, உயர்திரு வீரபாகு அவர்கள் வழிமொழிய, ஏகமனதாக..."

அடியில் அவர் கையெழுத்து, பலாக்கொட்டை அளவில்.

படிக்காமல் போட்டேன் என்று தெரு முன்னால் சொல்ல முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா, நாந்தான் முன்மொழிஞ்சேன்! ஏழைங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? டேய், நல்லா இறுக்கி அடிடா!"

தெரு கை தட்டியது. பெரியநாயகி தட்டவில்லை. மூன்று மணி நேரமும் வாசலில் நின்றவள் அவள். பீலிக்காக உள்ளே ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மெதுவாகக் குமாஸ்தாவிடம் வந்தாள். "அண்ணா..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கைலாசம் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாம்மா, சுண்டைக்காய் விஷயத்துக்கெல்லாம் கண்ணைக் கசக்கிக்கினு? போ, போய்த் தறியைப் பாரு."