மூச்சு மார்க்

என் வீட்டுக்காரர் மாசிலாமணி பொள்ளாச்சி டெப்போவில் பஸ் டிரைவர். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்காக டெப்போவில் ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க அது மூச்சையும் தூக்கத்தையும் கவனித்து, விடிந்ததும் டெப்போவுக்கு மார்க் அனுப்பும். மார்க் குறைந்தால் அன்றைக்கு அவர் பஸ் ஸ்டார்ட் ஆகாது.

அந்தப் பாழாய்ப்போன மாஸ்க்கை மாட்டினாலே அவருக்குக் கழுத்தை நெரிப்பது போலிருக்குமாம். அதனால் ஒரு வருஷமாக நான்தான் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். மார்க் எனக்கு, தலைவலி அவருக்கு. மாஸ்க் இல்லாமல் தூக்கம் கெட்டு, தினமும் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். நான் தைலம் தேய்த்து, காபி கொடுத்து அனுப்புவேன்.

இன்று தைலம் தேய்க்கும்போது அவர் போன் வாழ்த்துச் சொன்னது. டெப்போவிலேயே நன்றாகத் தூங்குகிறவர் அவர்தானாம். அதனால் நாளையிலிருந்து வால்பாறை வண்டியாம். மலை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு.

“ஏனுங்க, வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க.”

“நல்லாத் தூங்கறவன் என்ன காரணம் சொல்றது, பரிமளா?”

“அப்ப இன்னைக்கு நீங்களே மாஸ்க்கப் போடுங்க. மூச்சு முட்டினாலும் போடுங்க.”

அவர் என் கையை விலக்கினார். “என் மூச்சு வேற, உன் மூச்சு வேற. இத்தன நாள் தூங்கினது யாருன்னு கேப்பாங்க. வேலை போயிரும். நீ எப்பவும்போலத் தூங்கு, போதும்.”

அவர் டூட்டிக்குக் கிளம்பியதும் ஒரு சொம்பு கடுங்காப்பி போட்டு ஒளித்து வைத்தேன். ராத்திரிக்கு வேண்டும். நாளைக் காலையில் அந்த வால்பாறை பஸ் ஸ்டார்ட் ஆகாது.

இனி தலைவலி இரண்டு பேருக்கும்.