தளும்பும் டம்ளர்

சன்னல் வெயில் விழும் மேசைமேல் பிசியோதெரபிஸ்ட் ஒரு காலி டம்ளரை வைக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த வலது கையால் டீக்கடைக்காரி அதை வாய்வரை தூக்க வேண்டும்; அதுதான் சோதனை. அவள் டம்ளரை முறைக்கிறாள். "காலி டம்ளரை நீட்டினா என் கடையில எவன் வாங்குவான்? தண்ணி ஊத்துங்க, தம்பி." "சிந்திடும்க்கா." "சிந்தட்டும். துடைக்கத் தெரியாதா எனக்கு?" அவர் தளும்பத் தளும்ப ஊற்றுகிறார். மரத்துப்போன விரல்கள் ஒவ்வொன்றாய் டம்ளரைப் பற்றுகின்றன. முழங்கையைத் தாங்க, பக்கத்தில் நின்ற கணவன் நீட்டிய கை, அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. டம்ளர் வெடவெடவென்று ஆடிக்கொண்டே ஏறுகிறது. மேசை நனைகிறது, கழுத்து நனைகிறது, மடி தொப்பலாகிறது. உதட்டைத் தொடும்போது மிச்சம் ஒரே மடக்கு. அதை நிதானமாகக் குடித்துவிட்டு, டம்ளரை நங்கென்று வைக்கிறாள். பிசியோதெரபிஸ்ட் அவசரமாகத் துண்டை நீட்டுகிறார். "துண்டு கிடக்கட்டும். இன்னொண்ணு ஊத்துங்க."