பம்பரம் உட்கார்ந்த நாள்

கவனம் ஒன்றில் நிலைக்காத ஏடிஹெச்டி குறைபாடு இருந்த அவனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ‘பம்பரம்’. ஒரு இடத்தில் இருக்க மாட்டான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சர்வர் அறைப் பக்கம் போய்விடுவான்.

“இன்னைக்கு ஒருநாளாவது எழுந்திரிக்காம வேலையைப் பாருப்பா,” என்றார் மேனேஜர்.

உட்கார்ந்தான். கால் துறுதுறுத்தது, மனசு அரித்தது. மதியம்வரை அசையவில்லை.

“சபாஷ்!” என்று அவர் முதுகில் தட்டும்போதே எல்லாத் திரைகளும் இருண்டன. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், ஏசி நின்றுபோன சர்வர் அறை அடுப்பாய்க் கொதித்தது.

“சூடானா அலாரம் அடிக்குமே, ஏன் அடிக்கலை?”

அவன் தலைகுனிந்தான்.

“அது கெட்டுப்போய் ஒரு மாசமாச்சு சார். சொல்லணும்னு தினமும் உங்ககிட்ட வருவேன். வேற எதையோ பேசிட்டுப் போயிடுவேன். அதான் அடிக்கடி நானே எழுந்துபோய்ப் பார்த்துக்கிட்டிருந்தேன்.”