பூட்டிய கூடத்திலிருந்து பதினொரு புகார்கள்

ரெனாட்டா பதினொன்றாவது புகாரைப் போட்டுக் கேட்டாள்.

"எமில் பவுலிங் கூடம். ரெண்டு கழிவறை. ரெண்டுலயும் இன்னும் பழைய பலகை." கிசுகிசுப்பான குரல். ஆணா, பெண்ணா, தெரியவில்லை. பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இங்க வேலை பார்க்குற பொண்ணு பாத்ரூமுக்குத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போறா. நேத்து பனியில வழுக்கி விழுந்துட்டா. ரயில் வந்துட்டு இருந்துச்சு. சீக்கிரம் வாங்க."

பெயர் இல்லை. முந்தைய பத்தும் இப்படித்தான். எல்லாமே காலை ஆறு மணிக்கு. எல்லாமே அந்தக் கூடத்துப் போனிலிருந்தே.

ஒருவர் மட்டும் போகிற கழிவறைக் கதவில் ஆண், பெண் என்று எழுதக் கூடாது, யாரும் போகலாம் என்பது நகர விதி. அதைப் பார்த்துக்கொள்ள ஊர் முழுக்க ரெனாட்டா ஒருத்திதான். புகார்க் கோப்பையும் இரண்டு புதிய பலகைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடம் தரைக்குக் கீழே இருந்தது. மத்தியான வேளையிலும் உள்ளே சாயங்காலம் போலிருந்தது. பந்து உருட்டும் கடைசி வரிசையில் ஆளே இல்லை. ஆனால் பந்து படாமலே அதன் முனையில் நின்ற கட்டைகள் தாமாகவே சரிந்தன, தாமாகவே எழுந்து நின்றன.

"அந்த மெஷின் ஒரு மாசமா இப்படித்தான்" என்றபடி வந்தார் கூடத்து முதலாளி எமில் கோவாச். எழுபது வயது, தடித்த கழுத்து. "என்ன வேணும்?"

சொன்னாள்.

"நாப்பது வருஷமா அந்தப் பலகை தொங்குது. எவன் சொல்லியும் நான் கழட்ட மாட்டேன்" என்று எமில் கத்தினார். பீர் குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் மேசையைத் தட்டினார்கள்.

அந்த நேரம் படியில் காலடிச் சத்தம். ஒரு பெண் இறங்கி வந்தாள். முழங்கால் வரை பனி. உதடு நீலம் பாரித்திருந்தது. யாரையும் பார்க்காமல், விளையாட வருபவர்களுக்குக் காலணி வாடகைக்குக் கொடுக்கும் மேடைக்குப் பின்னால் தன் வேலை இடத்தில் போய் நின்றாள்.

"வெளியில எங்கே போயிட்டு வர்றீங்க?" என்றாள் ரெனாட்டா.

"பெட்ரோல் பங்க். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்." குரலே எழும்பவில்லை. "அங்கே பாத்ரூம் இருக்கு."

"நான் சொல்றேன் மேடம்" என்று மெர்ல் எழுந்தான். அவன்தான் அந்தக் கும்பலுக்குப் பெரியவன். "போன வருஷம் வரைக்கும் ஆம்பளை, பேரு ஜூலியன். இப்ப பொம்பளை, ஜூனியாம். ஆம்பளைங்க கதவைத் தொட்டா நாங்க விட மாட்டோம். பொம்பளைங்க கதவைத் தொட்டா எங்க வீட்டுக்காரிங்க விட மாட்டாங்க." சிரிப்பு கிளம்பியது. எமிலும் சிரித்தார்.

ரெனாட்டாவுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

"ஆமா, புகார் குடுத்தது யாரு?" மெர்லுடைய பார்வை மெல்லத் திரும்பி ஜூனி மேல் நின்றது. மற்றவர்களும் திரும்பினார்கள். ஒருத்தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

புகார் விவரத்தைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் ரெனாட்டா சொல்லிவிட்டாள். "காலையில ஆறு மணிக்கு வந்த போன். இந்தக் கூடத்துப் போன்லேர்ந்தே."

சிரிப்பு நின்றது.

"ஆறு மணிக்கா?" என்றான் மெர்ல். "அப்ப பூட்டியிருக்குமே. இவ வர்றதே பதினோரு மணிக்கு."

"முன்னாடி இந்தத் தண்டவாளத்துல ஒருத்தி ரயில்ல அடிபட்டுச் செத்தாளே, அந்தப் பொம்பளையா இருக்கும்" என்றார் எமில், தாழ்ந்த குரலில். "ராத்திரி குழாய் தானா திறந்துக்குது. நான் உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

கடைசி வரிசையில் கட்டைகள் மறுபடி சரிந்தன. மெர்ல் தன் கோட்டைத் தேடினான்.

ரெனாட்டாவும் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். "நீங்க கழட்டுறீங்களா, நான் கழட்டட்டுமா?"

"நான் தொட மாட்டேன்!"

அவளே கழற்றினாள். 'யாவருக்கும்' என்ற பலகையை இரண்டு கதவிலும் முடுக்கினாள். "இதைத் திருப்பி மாத்தினா கூடத்துக்கு சீல் வெச்சிடுவோம். உங்க வாடிக்கையாளருங்ககிட்டயும் சொல்லிடுங்க." கழிவறைக்குள் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. புகாரில் கேட்ட அதே சத்தம். அவள் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

எமில் தெரு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார். நகராட்சியைத் திட்டினார், மேயரைத் திட்டினார், அவளைத் திட்டினார். மெர்லும் ஆட்களும் வாசலில் நின்று கைதட்டினார்கள். அவள் காரில் ஏறியதும் எமில் அதன் கூரையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள் ரெனாட்டா.

அவர் குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"ஒரு பலகையை மாத்த பதினோரு தடவை போன் பண்ணணுமா அம்மா?"

புகார்களில் கேட்ட அதே கிசுகிசுப்பு. அவள் கண்ணாடியை இன்னும் இறக்கினாள்.

"நீங்களா? உங்க கூடம், உங்க கதவு. நீங்களே கழட்டியிருக்கலாமே!"

எமில் வாசலைப் பார்த்துக்கொண்டே முஷ்டியை ஆட்டினார். கிசுகிசுப்பு மட்டும் மாறவில்லை.

"நான் கழட்டினா அவளுக்காகக் கழட்டினேன்னு தெரிஞ்சிடும். அப்புறம் நான் இல்லாத நேரமாப் பார்த்து அந்தப் பொண்ணை ஒரு வழி பண்ணிடுவாங்க. நீங்க கழட்டினா உங்களைத்தானே திட்டுவாங்க!"